ஸ்டார் வார்ஸா, டூனா, வார்ஹாமரா, ஏலியன்ஸா? ஒரே ஒரு வியூக கேம் வாங்குவதென்றால்

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட்டில் கேம் ஆடும் பிள்ளைகள் பலரிடம் இருப்பது ஈப்போவில் வாங்கிய ஒரு பழைய லேப்டாப்பும், எஸ்.பி.எம் தேர்வு முடித்துவிட்டுப் பகுதி நேர வேலையில் சேர்த்த கொஞ்சம் வெள்ளியும் (ரிங்கிட்) தான். அதனால் வரும் கேள்வியும் ஒரே மாதிரிதான் இருக்கும்: "அண்ணே, ஸ்டார் வார்ஸ் சின்ன வயசுல இருந்தே பிடிக்கும், டூன் படம் பார்த்தேன் அதுவும் பிடிச்சிருந்துச்சு, ஏலியன்ஸ் கேமும் நல்லா இருக்குன்னு சொல்றாங்க. ஒண்ணுதான் வாங்க முடியும். எதை வாங்குறது?"

எந்தப் படம் பிடிக்குமோ அதன் கேமை வாங்கு என்று சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் அது தப்பான யோசனை. படம் பிடிப்பது ஒரு விஷயம், அந்தப் படத்தின் உலகத்தை ஒரு வியூக கேம் சரியாகப் பிடித்திருக்கிறதா என்பது வேறு விஷயம். ஒரு படத்தின் தீவிர ரசிகர் அதன் கேமை வாங்கி, ரெண்டே நாளில் சலித்துப்போய், அந்தப் பெயரையே வெறுத்துவிடுவதும் உண்டு.

## முதலில் அளவுகோல்

நான் பாதி மதிப்பெண் கொடுப்பது இந்த ஒரு கேள்விக்குத்தான்: அந்தக் கதையுலகத்தின் சட்டம், கேமின் சட்டமாக ஆகியிருக்கிறதா? கப்பலின் வடிவமும் பின்னணி இசையும் அச்சு அசலாக இருப்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன், உரிமம் வாங்கிய எந்தக் கம்பெனியும் அதைச் செய்துவிடும். கதையில் வரும் ஆட்கள் எதற்குப் பயப்படுகிறார்களோ அதற்கு நாமும் பயப்பட வேண்டும், அவர்கள் எதைக் கணக்குப் பார்க்கிறார்களோ அதையே நாமும் கணக்குப் பார்த்து ஆட வேண்டும்.

2001-இல் வந்த ஸ்டார் வார்ஸ்: கேலக்டிக் பேட்டில்கிரவுண்ட்ஸ் இந்தச் சோதனையில் தோற்கும் கேம். இடைக்காலப் போர் கேமான ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 ஓடிய அதே எஞ்சினில் (அடிப்படை மென்பொருளில்) செய்தது. உணவு, கார்பன், தாது, நோவா படிகம் என்று நான்கு பொருள்களை வேலையாட்கள் சேகரிக்க வேண்டும், ஆட்கள் தங்க வீடு கட்ட வேண்டும், அப்புறம் அடுத்த கட்டத்துக்கு முன்னேற வேண்டும். டார்த் வேடரின் பேரரசும் இப்படித்தான் உணவு சேர்த்து, வீடு கட்டிப் பிழைக்கிறது. ஆட சுகமாக இருக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் மேலே ஒட்டியிருக்கும் படங்களை மாற்றிவிட்டால் அடுத்த நிமிடமே இடைக்காலக் கோட்டைச் சண்டையாகிவிடும்.

மீதி மதிப்பெண்ணை இப்படிப் பிரிக்கிறேன்: தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் ஓடுமா, ஒரு ஆட்டத்துக்கு எவ்வளவு நேரம் உட்கார வேண்டும், எவ்வளவு ஆங்கிலம் படிக்க வேண்டும் (கீழே சொல்லும் எதிலும் தமிழ் கிடையாது), நண்பர்களோடு சேர்ந்து ஆட முடியுமா, வாங்கிய பிறகு தலையில் விழும் செலவு என்ன.

## ஸ்டார் வார்ஸ்: எம்பயர் அட் வார்

2006-இல் பெட்ரோகிளிஃப் செய்தது. கமாண்ட் அண்ட் கான்கர் செய்த வெஸ்ட்வுட் நிறுவனம் மூடப்பட்ட பிறகு அங்கிருந்தவர்கள் தொடங்கிய நிறுவனம் இது, அதனால் கை தேர்ந்தவர்களின் வேலை என்பது தெரியும்.

இதில் எனக்குப் பிடித்தது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஆட முடியாது என்பதுதான். பேரரசு பணத்தைக் கொட்டி ஆராய்ச்சி செய்து புதுத் தொழில்நுட்பம் பெறும். புரட்சிப் படைக்கு அந்த வசதி கிடையாது, ஆர்2-டி2-வையும் சி-3பிஓ-வையும் பேரரசின் கிரகங்களுக்கு அனுப்பித் திருடி வர வேண்டும். பேரரசு பெரிய கப்பல் படையோடு வந்து நசுக்கும். புரட்சிப் படை ஒரு சின்னக் குழுவை வைத்து, மேலே காவல் நிற்கும் கப்பல்களின் கண்ணில் படாமல் கிரகத்தில் இறங்கித் தாக்கலாம். படத்தில் பார்த்த அதே பலமும் பலவீனமும் இங்கே நம் கையில் இருக்கிறது.

டெத் ஸ்டார் இன்னும் அருமை. பேரரசு அதைக் கட்டிவிட்டால் ஒரு கிரகத்தையே வரைபடத்திலிருந்து அழித்துவிடும், அந்தக் கிரகம் கொடுத்த வருமானமும் அதோடு போய்விடும். அதை உடைக்க வேண்டுமென்றால் லூக் ஸ்கைவாக்கரின் ரெட் ஸ்குவாட்ரன் உங்களிடம் இருக்க வேண்டும். அதனால் புரட்சிப் படையாக ஆடும்போது அந்தச் சின்ன விமானக் குழுவை எங்கே வைப்பது, எப்போது எடுப்பது என்ற கவலை ஆட்டம் முழுக்க கூடவே வரும். விண்வெளிச் சண்டையில் ஒரு ஸ்டார் டெஸ்ட்ராயரின் எஞ்சின், கேடய இயந்திரம், பீரங்கி, விமானத்தளம் என்று ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியாகக் குறிவைத்து அடிக்கலாம். விமானத்தளத்தை முதலில் உடைத்தால் டை ஃபைட்டர்கள் புதிதாக வருவது நிற்கும், எஞ்சினை உடைத்தால் கப்பல் தப்பி ஓட முடியாது. எதை முதலில் உடைப்பது என்று யோசிக்கும் அந்த அரை நிமிடத்துக்காகவே இந்தக் கேமை வாங்கலாம்.

தரைச் சண்டைதான் குறை. நெரிசலான வரைபடம், மந்தமான ஆட்டம். பலர் கணினியே முடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவார்கள், நானும் பெரும்பாலும் அப்படித்தான்.

கணினி விஷயத்தில் இதை அடிக்க ஆள் இல்லை, பழைய லேப்டாப்பிலும் தாராளமாக ஓடும். இவ்வளவு பழைய கேமாக இருந்தும் 2023 நவம்பரில் 64-பிட்டுக்கு மாற்றி ஒரு புதுப்பிப்பு வந்தது. ஃபோர்சஸ் ஆஃப் கரப்ஷன் என்ற இணைப்பும் (கூடுதல் பாகம்) சேர்ந்தே விற்பனையாகிறது, தனியாக வாங்க வேண்டியதில்லை.

மறைச்செலவு மோட்களில்தான் (கேமை மாற்றியமைக்கும் கூடுதல் கோப்புகள்) இருக்கிறது. ரசிகர்கள் செய்த மோட்கள் இலவசம், தரமும் அபாரம். ரிட்டர்ன் ஆஃப் த ஜெடைக்குப் பிந்தைய காலத்தைக் காட்டும் த்ரான்ஸ் ரிவெஞ்ச், குளோன் போர்களைக் காட்டும் ரிபப்ளிக் அட் வார் இரண்டையும் கட்டாயம் பார்க்க வேண்டும். ஆனால் தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) ஃபைபர் இணையம் இருப்பவருக்குத்தான் அது இலவசம். உள்ளே தோட்டத்து வீட்டில் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டை நம்பி இருப்பவருக்கு ஒவ்வொரு பெரிய மோடும் டேட்டாவைக் குடித்துவிடும். அப்படிப்பட்டவர்கள் ஃபைபர் இருக்கும் நண்பன் வீட்டுக்கு லேப்டாப்பைத் தூக்கிப்போய் ஒரே மூச்சில் இறக்கிக்கொண்டு வருவதுதான் வழி.

## டூன்: ஸ்பைஸ் வார்ஸ்

நிகழ்நேர வியூக கேம் என்ற வகையே இந்தக் கதைக்குக் கடன்பட்டது. 1992-இல் வெஸ்ட்வுட் செய்த டூன் 2-தான் தளம் கட்டு, அறுவடை வண்டி அனுப்பு, படை திரட்டு என்ற முறையை நிலைநிறுத்தியது. 1995-இல் வந்த கமாண்ட் அண்ட் கான்கரில் ஓடும் டைபீரிய வண்டி, டூன் 2-இன் ஸ்பைஸ் வண்டியின் தம்பிதான் (ஸ்பைஸ் என்பது டூன் கதையில் அராக்கிஸ் என்ற பாலைவனக் கிரகத்தில் மட்டும் கிடைக்கும் விலைமதிப்பற்ற பொருள்). ஆனால் டூன் 2 சொன்னது கதையில் கால்வாசியைத்தான். பாலைவனம் இருந்தது, மணலுக்கடியில் வாழும் ராட்சதப் புழு இருந்தது, அரசியல் இல்லை. அதில் வரும் ஆர்டோஸ் குலம்கூட ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் 1965 நாவலில் கிடையாது.

ஷிரோ கேம்ஸ் செய்து 2023 செப்டம்பரில் முழுமையாக வெளிவந்த ஸ்பைஸ் வார்ஸ், விட்டுப்போன அந்த முக்கால்வாசியைப் பிடித்திருக்கிறது. தோட்டத்தில் வளர்ந்த எங்களுக்கு இந்தக் கேம் சட்டென்று புரியும் என்று நான் நம்புகிறேன். பால்மரக் (ரப்பர்) காலத்தில் மரம் இங்கே, வெட்டுகிறவர் இங்கே, கம்பெனி லண்டனில். அராக்கிஸும் அப்படித்தான். மண் ஒருவருடையது, விளைச்சல் இன்னொருவருடையது, கணக்குக் கேட்பவர் வேறு எங்கோ இருக்கிறார். அட்ரெய்டிஸ், ஹார்க்கொன்னன் போன்ற பெரிய குலமாக நீங்கள் ஆடினால் அறுவடையாகும் ஸ்பைஸில் எவ்வளவை விற்றுக் காசாக்குவது, எவ்வளவைப் பேரரசருக்குக் கட்ட ஒதுக்குவது என்று பிரித்துக்கொண்டே இருக்க வேண்டும். குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை வரி கட்டியாக வேண்டும், அந்த வரி கூடிக்கொண்டே போகும், தவறினால் தண்டனை. பாலைவன மக்களான ஃபிரெமென் தரப்பில் ஆடினால் பேரரசர் வரி இல்லை, அதற்குப் பதில் விண்வெளிப் பயணத்தைக் கையில் வைத்திருக்கும் கில்டுக்கு லஞ்சம் கட்ட வேண்டும். நாவலில் இருப்பதும் இதுதான்.

அப்புறம் குலங்கள் கூடும் லாண்ட்ஸ்ராட் சபை. தீர்மானங்கள் வரும், செல்வாக்கைச் செலவழித்து வாக்குப் போட வேண்டும். யார் தலையில் எந்தத் தடை விழும் என்பது அங்கேதான் முடிவாகும். எதிரியை ஒரு படைவீரன் கூட இல்லாமல் அங்கே முடக்கலாம், ஒற்றர்களை வைத்து எதிரித் தலைவரையே கொலை செய்யலாம். ஆழ்ந்த பாலைக்குள் படையை அனுப்பினால் கையிருப்பு வேகமாகக் கரையும், தீர்ந்த பிறகு ஆட்கள் சாகத் தொடங்குவார்கள். காற்று நன்றாக வீசும் பகுதியைப் பிடித்தால்தான் தண்ணீர் கிடைக்கும். இதெல்லாம் அலங்காரத்துக்கு வைத்தவை அல்ல, இவற்றை மறந்துவிட்டு ஆடினால் தோற்பது நிச்சயம்.

ஒரு காட்சியை மட்டும் சொல்கிறேன். அறுவடை வண்டி மணலில் நல்ல ஸ்பைஸை அள்ளிக்கொண்டிருக்கும், வரி கட்டும் நாள் நெருங்கியிருக்கும், அந்த நேரம் பார்த்துப் புழு வரும் அறிகுறி காட்டும். உடனே வண்டியைத் திரும்ப அழைத்தால் அறுவடை நிற்கும். இன்னும் கொஞ்சம் அள்ளலாம் என்று பொறுத்தால் வண்டியும் உள்ளே இருக்கும் ஆட்களும் புழுவின் வாய்க்குள் போவார்கள். அந்தக் கதையின் முழு அச்சத்தையும் ஒரு பொத்தானில் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். இதைவிட நல்ல தழுவலை இந்த வகையில் நான் ஆடியதில்லை.

ஆனால் சண்டைக்காகவே வியூக கேம் ஆடுபவர்கள் இதில் ஏமாந்து போவார்கள். படைகள் சின்னவை, மோதல்கள் சாதாரணம். ஒரு ஆட்டம் பல மணி நேரம் இழுக்கும். ஆங்கிலம் நிறையப் படிக்க வேண்டும், ஒவ்வொரு தீர்மானத்திலும் நாலு வரி விளக்கம் இருக்கும், அதைப் படிக்காமல் வாக்குப் போட்டால் உங்கள் வருமானத்தையே நீங்கள் வெட்டிக்கொள்வீர்கள். கூடுதல் குலமான வெர்னியஸ் தனிக் காசு, ஆனால் அது இல்லாமலே நிறைய ஆடலாம். நான்கு பேர் வரை சேர்ந்து ஆடலாம், நான்கு பேருக்கும் ஒரே மாலை ஓய்வாக அமைவதுதான் கஷ்டம்.

## வார்ஹாமர் 40,000: டான் ஆஃப் வார்

படம் பார்த்து வரும் பிள்ளைகளுக்கு வார்ஹாமர் தெரியாது. அது மேசையில் பொம்மை வைத்து ஆடும் பிரிட்டன் விளையாட்டிலிருந்து வளர்ந்த உலகம், முடிவே இல்லாத போர்தான் அதன் கதை. அதனால்தான் வியூக கேமுக்கு இவ்வளவு பொருந்துகிறது, மூலமே போர் விளையாட்டு.

ரெலிக் 2004-இல் செய்த முதல் டான் ஆஃப் வாரில் மரம் வெட்டுவது, தங்கம் தோண்டுவது எதுவும் இல்லை. வரைபடத்தில் இருக்கும் முக்கியப் புள்ளிகளைப் பிடித்தால்தான் வருமானம் பெருகும், அதனால் முதல் நிமிடத்திலேயே சண்டை தொடங்கிவிடும். ஒரு குழு ஆள் இழந்தால் சண்டை நடக்கும் இடத்திலேயே நிரப்பிக்கொள்ளலாம். மன உறுதி உடைந்த குழு உருப்படியாகச் சண்டை போடாது. பின்னால் இணைப்பில் சேர்ந்த இம்பீரியல் கார்ட் படையில் கமிசார் என்ற அதிகாரி இருப்பார், சண்டையில் தளரும் தன் ஆட்களில் ஒருவனையே சுட்டுத் தள்ளுவார், மற்றவர்கள் பயத்தில் வெறியோடு சுடுவார்கள். அந்த உலகம் எவ்வளவு கொடியது என்பதற்கு அந்த ஒரு பொத்தானே போதும். இணைப்பில் வந்த இன்னொரு தரப்பான, எலும்புக்கூடு போன்ற இயந்திரப் படை நெக்ரான்கள் மற்றவர்களைப் போல வருமானம் சேர்ப்பதில்லை, மின்சக்தியை மட்டும் வைத்து மெதுவாக எழுவார்கள். மெதுவாக வந்தாலும் தடுக்க முடியாது என்ற அவர்களின் குணம் அப்படியே ஆட்டத்தில் இறங்கியிருக்கிறது.

2006-இல் வந்த டார்க் குரூசேட் இணைப்பில் ஏழு தரப்புகள் குரோனஸ் என்ற ஒரே கிரகத்துக்காக அடித்துக்கொள்ளும், ஒவ்வொரு தரப்பின் கோட்டையையும் வேறு வேறு விதமாகத்தான் உடைக்க முடியும். 2025 ஆகஸ்டில் வந்த டெஃபினிட்டிவ் பதிப்பில் மூலமும் மூன்று இணைப்புகளும் சேர்ந்திருக்கின்றன, புதிதாக வாங்குபவர் இதைத்தான் வாங்க வேண்டும்.

பேரைப் பார்த்து அவசரப்பட்டு 2017-இல் வந்த டான் ஆஃப் வார் 3-ஐ எடுத்துவிடாதீர்கள். அது நாயகர்களை முன்னால் நிறுத்தும் வேறு பாணிக்குப் போய் ரசிகர்களை இழந்தது, மறு ஆண்டே ரெலிக் அதற்கான வேலையை நிறுத்திவிட்டது. மூன்று பேர் சேர்ந்து ஒரு சனிக்கிழமை இரவு ஆட வேண்டும், கதை தெரியாவிட்டாலும் பரவாயில்லை என்றால் முதல் டான் ஆஃப் வாரைத் தாண்ட எதுவும் இல்லை.

## ஏலியன்ஸ்: டார்க் டிசென்ட்

டிண்டலோஸ் செய்து 2023 ஜூனில் வந்தது. இதில் பேரரசு இல்லை, தளம் கட்டும் வேலை பெரிதாக இல்லை, நான்கு மரீன் வீரர்களை வைத்துக்கொண்டு உள்ளே போய் உயிரோடு வெளியே வர வேண்டும். 1986 படத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: துப்பாக்கி நிறைய இருந்தும் தோட்டா தீர்ந்துகொண்டே இருக்கும், ஆட்களின் தைரியமும் தீர்ந்துகொண்டே இருக்கும். கேம் இந்த இரண்டையும் எண்ணாக மாற்றி உங்கள் கண் முன்னால் வைக்கிறது. வீரர்களுக்கு மன அழுத்தம் ஏறும், ஏறினால் குறி தப்பும், அதிகமானால் நிரந்தர பாதிப்பாகத் தங்கிவிடும். ஒரு அறைக்குள் புகுந்து கதவுகளை வெல்டிங் வைத்து அடைத்தால் கொஞ்சம் ஓய்வெடுக்கலாம், ஆனால் அதற்கும் கருவி செலவாகும். எவ்வளவு நேரம் உள்ளே இருக்கிறீர்களோ அவ்வளவுக்கு ஏலியன்களின் கூடு விழித்துக்கொள்ளும். விழுந்த வீரனைத் தூக்கிக்கொண்டு ஓடாவிட்டால் ஏலியன்கள் இழுத்துக்கொண்டு போய்விடும்.

பாதியில் பின்வாங்கி வண்டிக்கு ஓடிவந்து, இன்னொரு நாள் திரும்பப் போகலாம், நீங்கள் அடைத்த கதவு அடைத்தபடியே இருக்கும். தோல்வியை ஒப்புக்கொண்டு பின்வாங்குவதையே ஒரு வியூகமாக ஆக்கியிருக்கும் இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும்.

குறைகள் தெளிவாகவே இருக்கின்றன. கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் இதை நினைக்கவே வேண்டாம். தனியாக மட்டும்தான் ஆட முடியும். வழக்கமான அமைப்பில் நினைத்த இடத்தில் சேமிக்க முடியாது, ஓய்வெடுப்பது போன்ற சில கட்டங்களில்தான் சேமிக்கும். மழை வந்தால் மின்சாரம் போகும் வீட்டில் இது சின்ன விஷயமில்லை, ஒரு மணி நேர உழைப்பு அப்படியே போகும். இறந்த வீரர் இறந்தவர்தான், அதைத் தாங்க முடியாதவர்கள் விட்டுவிடலாம்.

## சுருக்கமாகச் சில

ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்: டெரன் கமாண்ட் (2022) ஒரே ஒரு விதியை நம்பி நிற்கிறது: முன்னால் உங்கள் ஆள் நின்றால் பின்னால் இருப்பவர் சுட முடியாது. பூச்சிக் கூட்டம் அலையலையாக வரும்போது வரிசையை எப்படி நிறுத்துவது என்பதுதான் முழு ஆட்டம். மலிவு விலையில் கிடைத்தால் வாங்கலாம்.

ஹேலோ வார்ஸ் 2 (2017) எக்ஸ்பாக்ஸ் வைத்திருப்பவருக்கு. கையில் கண்ட்ரோலரை வைத்து ஆடும்படி எளிமையாகச் செய்த வியூக கேம், ஸ்பார்ட்டன் வீரர் எதிரி வண்டியில் தாவி ஏறி அதையே பறித்துக்கொள்வது மூலத்தில் இருக்கும் அதே சுகம்.

ஸ்டார் ட்ரெக்: இன்ஃபினிட் (2023 அக்டோபர்) ஸ்டெல்லாரிஸ் என்ற விண்வெளி வியூக கேமின் மேல் கட்டியது, வெளியான கொஞ்ச காலத்திலேயே வளர்ச்சி நின்றுபோனது. உரிமம் வாங்கிச் செய்யும் கேம்களில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு. ஸ்டெல்லாரிஸ் ஏற்கெனவே உங்களிடம் இருந்தால் நியூ ஹொரைசன்ஸ் என்ற இலவச மோட் இதைவிட விரிவான ஸ்டார் ட்ரெக்கைக் கொடுக்கும்.

## ஒரே பார்வையில்

| கேம் | கதையுலகம் சட்டமானதா | பழைய லேப்டாப் | நண்பர்களோடு | மறைச்செலவு |
|---|---|---|---|---|
| எம்பயர் அட் வார் | விண்வெளியில் ஆம், தரையில் அரைகுறை | ஓடும் | முடியும் | மோட் இறக்க டேட்டா |
| ஸ்பைஸ் வார்ஸ் | முழுமையாக | ஓரளவு நல்ல கணினி வேண்டும் | 4 பேர் வரை | நேரம், நிறைய ஆங்கிலம் |
| டான் ஆஃப் வார் | போர் என்ற அளவில் முழுமையாக | ஓடும் | முடியும், அதற்காகவே வாங்கலாம் | தவறான பாகத்தை வாங்கும் ஆபத்து |
| டார்க் டிசென்ட் | முழுமையாக | ஓடாது | முடியாது | கிராஃபிக்ஸ் கார்டு, மின்தடை |

## அப்போ எதை வாங்குவது?

பழைய லேப்டாப், கையில் ஐம்பது வெள்ளிக்குள் என்றால் யோசிக்கவே வேண்டாம், எம்பயர் அட் வார், அதுவும் தள்ளுபடிக் காலத்தில். டூன் பிடிக்காதவராக இருந்தாலும் பேச்சுவார்த்தை, வரி, சூழ்ச்சி எல்லாம் பிடிக்கும் என்றால் ஸ்பைஸ் வார்ஸ். டூன் படம் பிடித்தது அதன் சண்டைக் காட்சிகளுக்காக மட்டும் என்றால் ஸ்பைஸ் வார்ஸ் வேண்டாம், டான் ஆஃப் வார் எடுங்கள், உங்களுக்கு வேண்டியது அங்கே இருக்கிறது. நல்ல கணினி இருக்கிறது, இரவில் தனியாக ஆடுவேன், பதற்றம் பிடிக்கும் என்பவருக்கு டார்க் டிசென்ட். என்னை ஒன்றே ஒன்று வைத்துக்கொள்ளச் சொன்னால் ஸ்பைஸ் வார்ஸை வைத்துக்கொள்வேன்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் வாங்கிய 14 நாளுக்குள், ஆடிய நேரம் 2 மணிக்குள் இருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். எம்பயர் அட் வாரும் டான் ஆஃப் வாரும் பிடிக்குமா இல்லையா என்று அந்த 2 மணி நேரத்தில் தெரிந்துவிடும். ஸ்பைஸ் வார்ஸில் பயிற்சிப் பகுதியே கணிசமான நேரத்தைத் தின்றுவிடும், அதனால் முன்கூட்டியே ஒருவர் முழுதாக ஆடும் வீடியோவைப் பார்த்துவிட்டு, வரி கட்டும் இடம் வரை உங்களுக்குச் சலிக்கவில்லை என்றால் மட்டும் காசைக் கட்டுங்கள்.